நாற்பத்தொன்று புள்ளி எட்டு

அறுபது வயதை நெருங்கும்போது ஒருத்தி எழுத ஆரம்பித்தால், பொழுது போகாமல் எழுதுகிறாள் என்று பாதிப் பேர் சொல்வார்கள். பாவம், வீட்டில் பேச ஆளில்லை போலிருக்கிறது என்று மீதிப் பேர் சொல்வார்கள். டிகிரியக்கா விஷயத்தில் இரண்டும் உண்மையில்லை. அவளுக்குப் பொழுது தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. பேசுவதற்குத் தம்பி மனைவி இருந்தாள். அவள் எழுத வந்த காரணம் வேறு. நான்கு வருஷம் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியதிலும் சொல்லவில்லை.

டிகிரியக்கா என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தோரு வருஷம் வானிலை நிலையத்தில் பதிவாளராக இருந்தவளைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் "இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் யாரோ பெரிய படிப்பாளி என்று நினைத்துக் கொஞ்சம் அதிகமாகவே மரியாதை கொடுத்தார்கள். அவளும் மறுத்ததில்லை. தானாக வருகிற மரியாதையை எதற்குத் திருப்பி அனுப்புவது.

வானிலை நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வேலி போட்ட ஒரு புல்தரை, அதில் நான்கு கால்களின் மேல் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி, ஒரு மழைமானி, ஓரமாக ஓர் அறை. அறையில் மேசை, பதிவேடு, தொலைபேசி. அவ்வளவுதான். பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகளில் ஒன்று அன்றைய உச்ச வெப்பத்தைக் காட்டுவது. பாதரசம் பகலில் எதுவரை ஏறியதோ அங்கேயே நிற்கும். வெயில் தாழ்ந்த பிறகும் இறங்காது. மாலை ஐந்து மணிக்குப் பதிவாளர் பெட்டியைத் திறந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படித்து, பதிவேட்டில் எழுதி, பிறகு வெப்பமானியைக் கையில் எடுத்து நன்றாக உதற வேண்டும். உதறினால் பாதரசம் கீழே போய்விடும். அதோடு அந்த நாள் முடிந்தது. அது எவ்வளவு காட்டியது என்பதற்கு அப்புறம் பதிவேடுதான் சாட்சி. பதிவேடும் அதில் எழுதின கையும்.

அந்தத் துறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் அது இருக்காது, ஆனால் எல்லா நிலையத்துப் பதிவாளருக்கும் தெரியும். "தலைதட்டி எழுதறது" என்பார்கள். படியில் கூம்பாக நிற்கும் தானியத்தைக் கையால் வழித்து மட்டமாக்குவார்களே, அந்த மாதிரி. ஒரு நிலையத்தின் எண் மட்டும் மற்ற வருஷங்களைவிடத் துருத்திக்கொண்டு நின்றால் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வரும். உங்கள் இடத்தில் மட்டும் ஏன் இத்தனை? பெட்டிக்குப் பக்கத்தில் யாராவது அடுப்பு மூட்டுகிறார்களா? விளக்கம் எழுத வேண்டும், கருவியைச் சோதிக்க வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும், வந்தவருக்கு நாள் முழுக்கப் பல்லிளிக்க வேண்டும். இத்தனை தலைவலிக்கு அரை டிகிரியைத் தட்டிவிடுவது எவ்வளவோ மேல். டிகிரியக்காவும் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையிலேயே இதைக் கற்றுக்கொண்டாள். வருஷத்தில் நாலைந்து நாள் நடக்கும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். படித்த முட்டாள்கள், வேறென்ன சொல்வது.

அவள் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது ஓர் அரசாணை வந்தது. ஒரு நாளின் உச்ச வெப்பம் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால், மறுநாள் பகல் பதினொன்றிலிருந்து நான்குவரை வெளியில் எந்த வேலையும் நடக்கக் கூடாது. சாலை, கட்டடம், வயல், எதுவாக இருந்தாலும் நிறுத்தம். நல்ல ஆணைதான். ஆனால் நாற்பத்திரண்டு வந்துவிட்டால் பதிவாளர் ஏழு அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். ஐந்து மணிக்கு மேல் பாதி அலுவலகங்களில் ஆள் இருக்காது. இருக்கிறவர்களும் வெயிலையே இவள்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள் என்பதுபோல் எரிந்து விழுவார்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

ஓய்வு பெற நாற்பது நாள் இருந்தபோது ஒரு மாலை அவள் பெட்டியைத் திறந்தாள். நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான்.

அன்றைக்குத் தம்பிக்குக் கல்யாண நாள். இருபதாவது வருஷம். ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடு, சாப்பாடு ஆறிப்போனால் சமைத்தவள் முகம் தொங்கிப்போகும் என்று காலையிலேயே தம்பி சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு அவளைவிட ஏழு வயது குறைவு. கல்யாணம் செய்துகொள்ளாத அக்காதான் அவனை ஆளாக்கினாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவன் அதைக் கேட்டால், ஆளாக்கியதைவிட அடித்ததுதான் அதிகம் என்பான். சாலை போடும் கூட்டத்தில் அவனுக்கு வேலை. ஜல்லியும் கொதிக்கிற தாரும் கலந்து வண்டி கொட்டிவிட்டுப் போகும். அதை நீளமான வாரியால் இழுத்துப் பரப்பி மட்டம் செய்ய வேண்டும். கீழே தார், மேலே வெயில், நடுவில் ஆள்.

டிகிரியக்கா தொலைபேசியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டில் நாற்பத்தொன்று புள்ளி எட்டு என்று எழுதினாள். வெப்பமானியை உதறி வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். மனசு ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாப்பாட்டின் நடுவில் தம்பி கேட்டான்.

"அக்கா, நாளைக்கு வேலையை நிறுத்துவாங்களா?"

"இல்லடா. நாற்பத்தொண்ணு புள்ளி எட்டுதான்."

"சே, ரெண்டு புள்ளியில போச்சே" என்று அவன் சிரித்தான். "உங்க பெட்டிக்கு எங்க மேல இரக்கமே கிடையாது."

அவளும் சிரித்தாள். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன சிரிப்பு, எனக்கும் சொன்னால் நானும் சிரிப்பேன் இல்லையா என்றாள். மூன்று பேரும் வெகுநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் டிகிரியக்காவுக்கு அந்த எண்ணைவிட அந்தச் சிரிப்புதான் அதிகமாக ஞாபகம் வந்தது.

மறுநாள் பகல் இரண்டரை மணிக்குத் தம்பி புதுத் தாரின் மேல் விழுந்தான். இடது பக்கம் முழுதும் வெந்துபோயிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இதயம் நின்றதால் மரணம் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. எல்லோருக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கும், அதை எழுத ஒரு டாக்டர் தேவையில்லை. சாலை நிறுவனத்தின் அறிக்கைதான் கொடுமை. ஆள் குடிபோதையில் வேலைக்கு வந்து மயங்கி விழுந்தார் என்று மேஸ்திரி கையெழுத்துப் போட்டிருந்தார். தம்பி இளவயதில் குடித்தவன்தான், ஆனால் ஒன்பது வருஷமாகத் தொடவில்லை. பழைய பெயர் இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களிலேயே சிலர், என்ன செய்வது, விட முடியவில்லை போலிருக்கிறது என்று குசுகுசுத்தார்கள். தம்பி மனைவி அதைக் காதால் கேட்டாள்.

அதே அறிக்கையில் கடைசி வரி ஒன்று இருந்தது. முந்தைய நாளின் உச்ச வெப்பம் நாற்பத்தொன்று புள்ளி எட்டு, எனவே வேலையை நிறுத்தும் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. அந்த ஒரு நாளில் அந்த வட்டாரத்தில் இன்னும் இரண்டு பேர் செத்திருந்தார்கள். ஒருவர் கிணறு வெட்டுகிறவர், ஒருத்தி கட்டட வேலைக்காரி. அவர்களுடைய அறிக்கையிலும் அதே வரி, அதே எண். டிகிரியக்காவின் கையெழுத்தில் இருந்த எண்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவள் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். பன்னிரண்டு வரி. வெயில் ஆளைக் கொல்கிறது, யாரும் அதை வெயில் என்று எழுதுவதில்லை என்பதுதான் சாராம்சம். பத்திரிகை ஆசிரியை அதைப் போட்டுவிட்டு, இன்னும் எழுத முடியுமா என்று கேட்டாள். எழுதினாள். அவளுக்கு அலங்காரமாக எழுத வராது. முப்பத்தோரு வருஷம் பதிவேடு எழுதின கை. தேதி, இடம், எத்தனை டிகிரி, யார் விழுந்தார், என்ன வேலை, வீட்டில் யார் யார். அவ்வளவுதான் எழுதுவாள். படித்தவர்களுக்கு அதுவே நெஞ்சை அடைத்தது. வாராவாரம் எழுதும்படி ஆனது.

எழுதியதோடு நிற்கவில்லை. ஒரு வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுப்பகலில் சாலை வேலை நடக்கும் இடங்களுக்குப் போய் நின்றாள். எத்தனை டிகிரி என்று ஒலிபெருக்கியில் படித்தாள். முதல் தடவை கூட வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். தெருவில் அவளை வெயில் பைத்தியம் என்றார்கள். போகப்போக ஐந்து ஐம்பதாயிற்று, ஐம்பது முந்நூறாயிற்று. ஊருக்கு நாலு மரம் நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிற கூட்டம் இல்லை அது. செத்தவர்களின் வீட்டார் வந்தார்கள். கட்டட வேலைக்காரியின் புருஷன் ஒரு தடவை விடாமல் வருவார். தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமந்து எல்லோருக்கும் ஊற்றுவார்.

எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நின்றவள் தம்பி மனைவி. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பதாகைத் துணிகளை எல்லாம் அவள்தான் ஓரம் அடித்துக் கொடுத்தாள். பிள்ளை இல்லாத வீடு, புருஷனும் போய்விட்டான். இருக்கிறது இந்த நாத்தனார் ஒருத்திதான் என்று அவள் மேல் உயிரை வைத்திருந்தாள். "அண்ணி, குடை எடுத்துக்கிட்டீங்களா? அண்ணி, மாத்திரை போட்டீங்களா?" என்று நிழல் மாதிரி கூடவே வருவாள். ஒவ்வொரு தடவை அவள் அண்ணி என்று கூப்பிடும்போதும் டிகிரியக்கா அந்தப் பதிவேட்டை நினைத்துக்கொள்வாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். மழையைப் பற்றியோ நூல் விலையைப் பற்றியோ பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

மூன்றாம் வருஷம் கட்டுரைகள் புத்தகமாயின. தம்பியைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. மேஸ்திரி பொய் சொன்னார், நிறுவனம் பொய் சொன்னது, அரசு கண்ணை மூடிக்கொண்டது என்று அதில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. எழுதும்போது ஓரிடத்தில் முந்தைய நாளின் உச்சத்தைக் குறிப்பிட வேண்டி வந்தது. பேனா அங்கே நின்றது. அரைமணி நேரம் நின்றது. கடைசியில் நாற்பத்தொன்று புள்ளி எட்டு என்றே எழுதினாள். முதல் பொய்க்கு ஒன்றரை மணி நேரத்துச் சோம்பல் என்று ஒரு சாக்கு உண்டு. இந்த இரண்டாவது பொய்க்கு அதுகூடக் கிடையாது. புத்தகம் வந்த அன்று தம்பி மனைவி அந்த அத்தியாயத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துவிட்டு, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தப் புத்தகம் கிளப்பிய சத்தத்தில்தான், நான்காம் வருஷம் விசாரணைக் குழு அமைந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். அந்த நாளில் செத்த மூன்று பேரின் அறிக்கைகளையும் திறந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். தம்பி மனைவி ஒரே ஒரு மனுதான் கொடுத்திருந்தாள். குடிபோதை என்ற சொல்லை எடுத்துவிட்டு, வெயிலால் இறந்தார் என்று எழுத வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

தொழிலாளர்கள் பக்கத்து வக்கீல் டிகிரியக்காவின் வீட்டுக்கு வந்து கட்டுகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றதெல்லாம் நமக்குச் சாதகம்தான், இந்த ஒரு எண் மட்டும் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது என்றார். நாற்பத்திரண்டுக்குக் குறைவு என்று அரசுப் பதிவேடே சொல்லும்போது, வெயிலால் செத்தார்கள் என்று எப்படி வாதாடுவது? பதிவேடு தப்பு என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு, அப்படி யார் சொல்லப்போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டே கிளம்பினார். எதிரில் உட்கார்ந்திருந்தவள் மேல் அவருக்குச் சந்தேகம் போகவே இல்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு எண்ணில் பொய் சொன்னவளின் புத்தகத்தில் எந்த எண்ணை நம்புவது என்று கேட்பார்கள். நான்கு வருஷம் வெயிலில் நின்றதெல்லாம் ஒரே நாளில் காற்றில் போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. பேர் போனால் போகட்டும். தம்பி மனைவி போய்விடுவாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் தம்பி குடிகாரனாகவே காகிதத்தில் இருப்பான். ஒன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு குடியை விட்டவன் அவன். அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் கிளம்பித் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி மனைவி பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் நீலத் துணி. "வாங்க அண்ணி, கொஞ்சம் இருங்க, இந்தச் சட்டைக் கையை மட்டும் ஏத்திடறேன்" என்று மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். டிகிரியக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் நூல் விலைக்குப் போய்விடுவோம் என்று பயம். நின்றபடியே, மெஷின் சத்தத்தின் மேலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைத் திறந்தது, இரண்டு தடவை பார்த்தது, ஏழு அலுவலகம், ஒன்றரை மணி நேரம், சாப்பாடு ஆறிவிடுமே என்று கிளம்பி வந்தது. மெஷின் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

"எத்தனை?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"நாற்பத்திரண்டு புள்ளி மூணு."

தம்பி மனைவி ஊசியின் அடியிலிருந்து துணியை எடுத்தாள். நூலைக் கத்தரித்தாள். பாதியில் நின்ற சட்டையை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அவளைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னைக்குக் காலையில அவருக்கு எழுந்திரிக்கவே முடியல. தலை சுத்துது, நெஞ்சு படபடங்குதுன்னார். முந்தின நாள் வெயில் அப்படி. போக வேணாம்னு சொன்னேன். சட்டையைக்கூட எடுத்து ஒளிச்சு வச்சேன். அவர் கேக்கல. 'நாற்பத்திரண்டு தொடலன்னு அக்கா சொல்லிட்டா. அக்கா சொன்னா சரியா இருக்கும், அதுக்குக் கீழ இருந்தா ஒரு ஆளுக்கு ஒண்ணும் ஆகாது'ன்னுட்டுக் கிளம்பிட்டார்."

டிகிரியக்கா தரையில் கிடந்த நீலத் துணிகளைப் பார்த்தாள்.

"இதை நாலு வருஷமா உங்ககிட்ட சொல்லல" என்றாள் தம்பி மனைவி. "கேட்டா உங்க மனசு தாங்காதேன்னு."

நான்கு வருஷம் இரண்டு பேரும் ஒரே குடையின் கீழ் நின்றிருக்கிறார்கள். இவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றை மறைத்தாள். அவள் இவளைக் காப்பாற்ற ஒன்றை மறைத்தாள். அது புரிந்தபோது டிகிரியக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தம்பி மனைவி கத்தியிருந்தால், கையில் இருந்த கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்திருந்தால், காலில் விழுந்தாவது அழுதிருக்கலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"இதை அங்க வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"சொல்லுங்க. அவர் குடிக்கல." பிறகு, "நாளைக்கு இதையெல்லாம் குடுத்தாகணும்" என்று சட்டையை மறுபடி மெஷினில் வைத்தாள். அதற்குக் கிளம்பு என்று அர்த்தம். டிகிரியக்கா கிளம்பிப் போனாள். வாசல்வரை வந்து வழியனுப்புகிறவள் அன்றைக்கு வரவில்லை.

விசாரணை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. டிகிரியக்கா எழுந்து நின்று, சத்தியம் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். தொழிலாளர் பக்கத்து வக்கீல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நிறுவனத்தின் வக்கீலுக்கு வேட்டை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவளுடைய புத்தகத்தை உயர்த்திக் காட்டி, இதிலும் அதே எண்ணைத்தானே எழுதியிருக்கிறீர்கள், அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டார்.

"அப்ப எழுதினது பொய். புத்தகத்துல எழுதினதும் பொய். இப்ப சொல்றது உண்மை."

இதுபோல் வேறு எத்தனை நாள் என்று கேட்டார். வருஷத்தில் நாலைந்து நாள் என்றாள். எல்லாம் குறைத்து எழுதியதுதான், கூட்டி ஒருநாளும் எழுதியதில்லை, நான் ஒருத்தி மட்டும் இல்லை, எல்லா நிலையத்திலும் அப்படித்தான் என்றாள். பதிவேட்டில் இருப்பதைவிட முப்பது வருஷமாக வெயில் அதிகமாகத்தான் இருந்திருக்கிறது என்றாள். அறையில் சலசலப்பு எழுந்தது. கட்டட வேலைக்காரியின் புருஷன் எழுந்து நின்று அவளை ஒரு பார்வை பார்த்தார். நான்கு வருஷம் அவள் கையில் தண்ணீர் ஊற்றியவர் அவர். படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

நடந்ததெல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. பத்திரிகை ஆசிரியை வருத்தத்தோடு, வாராந்தரப் பகுதியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம் என்றாள். பொய்க்காரி என்று தெருவில் காதுபடவே சொன்னார்கள். டிகிரியக்கா தம்பியின் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினாள். இந்தத் தடவை முதல் வரியிலேயே தன் கையையும் அந்த வெப்பமானியையும் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் உருப்படியான எழுத்து. அதைப் படித்தவர்கள் மிகக் கொஞ்சம். இரண்டு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. குடிபோதை என்ற சொல் நீக்கப்பட்டு, மூன்று பேரும் வெயிலால் இறந்தார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அது பிற்பாடு.

அன்றைக்கு அந்த மாடியில், டிகிரியக்கா சாட்சி சொல்லிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்த பிறகு, தம்பி மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் எங்கேயும் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய் நின்றாள். அந்தக் காலையைச் சொன்னாள். தலைசுற்றலை, ஒளித்துவைத்த சட்டையை, அவர் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னாள். ஒன்பது வருஷமாகக் குடிக்கவில்லை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள். குரல் உடையவில்லை. தலைவர் நல்ல மனிதர். போதும் அம்மா, புரிகிறது என்றார். பிறகு எழுத்தர் நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு, விவரத்துக்காக ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடி சாட்சி சொன்னாங்களே, அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"அவருக்கு அக்கா."

"அது தெரியும்மா. உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டேன்."

தம்பி மனைவி எழுத்தரின் தாளைப் பார்த்தாள். பின்வரிசையில் டிகிரியக்கா காத்திருந்தாள். அறுபத்திரண்டு வயதில் அவள் இந்த உலகத்திடம் கேட்பதற்கு அண்ணி என்ற அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

"அவருக்கு அக்கா" என்றாள் அவள் மறுபடியும்.

தலைவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.